விரலுக்கும் கன அளவு உண்டு

நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். அடர்த்தியை அட்டவணையில் தேடினால் பொருளின் பெயர் கிடைக்கும். கரும்பலகையில் எழுதும்போது இதைவிட எளிய சோதனை அறிவியல் பாடத்தில் இல்லை என்றே தோன்றும். அந்தத் துணிவில்தான், பெயர் சொல்லாத சில துண்டுகளை மாணவர் குழுக்களிடம் கொடுத்து, அவை என்னென்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். கூடவே ஓர் அட்டவணையும் கொடுத்தேன். மெழுகு ஏறக்குறைய 0.9, அலுமினியம் 2.70, துத்தநாகம் 7.14, வெள்ளீயம் 7.3, இரும்பு 7.87, பித்தளை சுமார் 8.5, ஈயம் 11.34, தங்கம் 19.3 என எல்லாமே ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. தங்கத்தை ஒப்பீட்டுக்காகத்தான் சேர்த்திருந்தேன். மாணவர்களோ அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள்.

முதல் கூச்சல் மஞ்சள் நிற போல்ட் கிடைத்த குழுவிலிருந்து எழுந்தது. நிறை 17 கிராம், கன அளவு 1 மில்லிலிட்டர், அதாவது ஒரு கன சென்டிமீட்டர், ஆகவே அடர்த்தி 17. அது ஈயத்தைத் தாண்டிவிட்டது, தங்கத்தை நெருங்கிவிட்டது, நிறமும் பொருந்துகிறது, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்பது அவர்கள் வாதம். பள்ளி ஆய்வகத்தில் தங்கத்தால் போல்ட் செய்து வைத்திருப்பார்களா என்று கேட்டேன். "அதுதான் சார் எங்களுக்கும் ஆச்சரியம்" என்றாள் குழுத் தலைவி.

நடந்தது இதுதான். கோடிட்ட அளவுசாடியில் உள்ள நீரில் பொருளைப் போட்டதும் நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறதோ அதுவே அதன் கன அளவு. சாடியில் நீரை மட்டும் ஊற்றியபோது ஒருவன் நின்றபடி மேலிருந்து பார்த்து 51 என்று படித்திருக்கிறான். போல்ட்டைப் போட்ட பிறகு மற்றொருத்தி, பாடத்தில் சொன்னபடியே, குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, பிறைத்தளத்தின், அதாவது வளைந்த நீர்ப்பரப்பின், அடிப்புறத்தைப் பார்த்து 52 என்று படித்திருக்கிறாள். உண்மையான முதல் அளவு 50. கனமான சிறு பொருள் என்றால் கன அளவும் சிறியதாகவே இருக்கும். அதில் ஒரே ஒரு கோடு பிசகினால் விடை இருமடங்காகிவிடும். தராசு இந்தச் சோதனையில் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, வம்பெல்லாம் அளவுசாடியில்தான் இருக்கிறது.

அடுத்த குழுவுக்கு வெண்ணிறக் கட்டி ஒன்று போயிருந்தது. 18 கிராம். சாடியில் போட்டால் மிதக்கிறது, மிதக்கும் பொருளின் முழுக் கன அளவு தெரியாது. ஆகவே விரலால் அழுத்தி மூழ்கடித்து, நீர் 25 மில்லிலிட்டர் உயர்ந்ததைக் குறித்து, அடர்த்தி 0.72 என்று கண்டுபிடித்து, பொருளின் பெயர் என்ற இடத்தில் 'மரம்' என்று எழுதிவிட்டார்கள். வெள்ளையாக, வழவழப்பாக, நகத்தால் கீறினால் துகள் உதிரும்படி இருக்கிறதே என்றேன். "கணக்கு மரம் என்றுதான் சார் சொல்கிறது" என்றான் ஒருவன், கண்ணைவிடக் கணக்கை நம்ப வேண்டும் என்று நானே சொல்லிக்கொடுத்ததை நினைவூட்டும் தொனியில். மெல்லிய ஊசியால் அழுத்தச் சொன்னதும் உயர்வு 20 மில்லிலிட்டருக்கு இறங்கியது, அடர்த்தி 0.9 ஆனது, மரம் மெழுகானது. அந்த 5 மில்லிலிட்டர் விரலுடையது.

மூன்றாவது குழு ஒன்றும் சத்தம் போடவில்லை. அலுமினியம், அடர்த்தி சரியாக 2.70 என்று முத்துமுத்தான எழுத்தில் எழுதி, கைகட்டி அமர்ந்திருந்தது. எந்த ஆசிரியருக்கும் இதைப் பார்த்தால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் முதலில் வரும். நிறை 47 கிராம். கன அளவு 17.41 மில்லிலிட்டர். எங்கள் சாடியில் கோடுகள் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன, அந்த 0.41 எந்தக் கோட்டில் தெரிந்தது என்று கேட்டபோது குழு முழுவதும் ஒரே நேரத்தில் சாடியைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கியது. அட்டவணையிலிருந்து பின்னோக்கி வகுத்திருக்கிறார்கள். வகுத்தல் என்னவோ பிழையின்றி இருந்தது.

சாம்பல் நிறத் துண்டு கிடைத்தவர்களின் விடை 7.2, துத்தநாகமா, வெள்ளீயமா என்று சண்டை. இந்தச் சாடியை வைத்துக்கொண்டு அதைத் தீர்க்கவே முடியாது. இரும்பாகவும் இருக்கலாமோ என்ற கேள்வியை மட்டும் ஒரு காந்தம் முடித்து வைத்தது.

தங்கக் குழு விடுவதாக இல்லை என்பதால் வேறு வழியைக் காட்டினேன். நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையை மின்னணுத் தராசில் வைத்துச் சுழியாக்கிவிட்டு, போல்ட்டை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். மரையில் ஒட்டிய காற்றுக் குமிழ்களை முதலில் தட்டி விட வேண்டும். நீர் பொருளை மேல்நோக்கித் தள்ளும் அதே அளவுக்குப் பொருளும் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் விலகிய நீரின் எடைக்குச் சமம், ஒரு மில்லிலிட்டர் நீர் ஒரு கிராம், ஆகவே தராசில் ஏறும் ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலிட்டருக்குச் சமம். கிரீடத்தை மூழ்கடித்து, வழிந்த நீரை ஆர்க்கிமிடீஸ் அளந்தார் என்று ரோமானியரான விட்ருவியஸ் எழுதிய கதையை நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த முறையின் நுட்பம் போதாது என்று கருதிய கலிலியோ, நீருக்குள் எடை பார்க்கும் தராசு ஒன்றை 1586-லேயே விவரித்துவிட்டார். வழியும் நீரைத் துடைத்து ஓய்ந்தவன் என்ற முறையில் நான் கலிலியோ பக்கம்.

தராசு 2.0 காட்டியது. பதினேழை இரண்டால் வகுத்தால் 8.5, அதாவது பித்தளை. குழுத் தலைவி ஏட்டில் எழுதினாள்: "கண்டறிந்த பொருள்: பித்தளை. முதல் அளவீட்டில்: தங்கம்." அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்குள் மெழுகுக் குழு அதே குவளைக்குள் விரலை விட்டு, விரலின் கன அளவைப் பத்தில் ஒரு மில்லிலிட்டர் வரை துல்லியமாக அளந்து முடித்திருந்தது. இனி அதன் நிறை தெரிந்தால் அடர்த்தியும் தெரிந்துவிடும் என்றான் விரலுக்குரியவன். நிறையை எப்படித் தனியாகக் காண்பது என்று குழு தீவிரமாக ஆலோசிக்கத் தொடங்கியதும், கத்தரிக்கோல் இருந்த இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.