காற்றுக்கு வயிறு வலித்த கதை

“இன்னைக்கு ஆடு நமக்கு முட்டை போட்டிருக்கு.”

அவித்த முட்டையை உரித்துக்கொண்டே இப்படிச் சொன்னால் போதும். “ஐயே… டீச்சர்! கோழி! கோழி!” என்று பிள்ளைகள் பாயை விட்டு எழுந்து குதிப்பார்கள். “அப்படியா? அப்ப கோழிகிட்ட பால் கறக்கலாமா?” என்பேன். கூச்சல் இன்னும் ஏறும். சமையல் பார்க்கும் உதவியாளர் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

வேதாரண்யம் பக்கம் ஒரு கடைமடைக் கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். ஜூன் 12-ல் மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர நாளாகும். நடவு நாட்களில் பிள்ளைகளின் அம்மாக்கள் விடிந்ததும் வயலுக்குக் கிளம்பிவிடுவார்கள். தூக்கம் கலையாத முகத்தோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப்போவது யாராவது ஒரு பாட்டிதான். அந்த முகங்களை முதலில் சிரிக்க வைத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்பது என் வழக்கம். அதற்காக வீட்டிலிருந்து வரும்போதே அன்றைக்கு ஒரு தப்பைத் தயார் செய்துகொண்டு வருவேன். செருப்பைக் கையில் மாட்டிக்கொள்வேன், பூனைப் படத்தைக் காட்டி “மாடு” என்பேன்.

முட்டை நாள் ஒன்றில், புதிதாகச் சேர்ந்த இரண்டரை வயதுக் குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் முகத்தை மாறிமாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவர்களுக்காகச் சிரித்தாள். ஆடு முட்டை போடாது என்று தெரிந்தால்தானே ஆடு முட்டை போட்டது சிரிப்பாக இருக்கும்? அவளுக்கு அது தெரியவில்லை. அன்று மாலை அவளைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போய், கூடைக்குள் அடைகாத்துக் கிடந்த கோழியைக் காட்டினேன். அடுத்த வாரம் எல்லோருக்கும் முந்தி “கோழி!” என்று கத்தியது அவள்தான்.

அந்தக் குழந்தையிடம் “முட்டை எங்கிருந்து வருது?” என்று நான் நேராகக் கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய இந்த அங்கன்வாடித் திட்டத்தில் ஆறு சேவைகள் உண்டு. ஊட்டச்சத்து, தடுப்பூசி போலவே முன்பருவக் கல்வியும் அதில் ஒன்று. எடையையும் உயரத்தையும் மாதாமாதம் எழுத எங்களிடம் பதிவேடு இருக்கிறது. எந்தப் பிள்ளை எதற்குச் சிரித்தது, எதற்குச் சிரிக்கவில்லை என்பதை நான் தனியாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பிள்ளையின் மூளையில் என்ன நடக்கிறது என்று எனக்குக் காட்டுவது அந்த நோட்டுதான்.

பால் மெக்கீ என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் இதையே ஆராய்ந்து, பிள்ளைகளின் சிரிப்பு படிப்படியாக வளர்வதைக் காட்டியிருக்கிறார். முதலில் பொருளைத் தப்பாகப் பயன்படுத்தினால் சிரிப்பு வரும், பிறகு பெயரை மாற்றிச் சொன்னால் வரும், மூன்று வயதுக்கு மேல் நடக்காத ஒன்று நடப்பதாகச் சொன்னால் வரும். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்துப் பேசினால் சிரிப்பது ஏழு வயதை ஒட்டித்தான். இதைப் படித்தபோது, ஒரு பழைய தோல்வி எனக்குப் புரிந்தது. வயல் வரப்பில் நின்ற பறவையைக் காட்டி, “அது மடையான், நம்ம கதையில வர்றவன் மடையன்” என்று ஒருமுறை சொன்னேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. தங்கையைக் கூட்டிப்போக வந்த இரண்டாம் வகுப்புப் பையன் மட்டும் வாசலில் நின்று சிரித்தான். என் பிள்ளைகள் அந்தச் சிரிப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கதை சொல்வதை நான் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. என் அப்பாயியிடம் கற்றேன். “ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்” என்பார். நாம் “ம்” சொல்ல மறந்தால் கதை அங்கேயே நின்றுவிடும். இன்றைக்கு என் மையத்திலும் அதே சட்டம்தான். இருபது பிள்ளைகள் ஒன்றாக “ம்” கொட்டும்போது யார் தூங்குகிறார்கள், யார் கதையை விட்டு விலகிவிட்டார்கள் என்று காதிலேயே தெரிந்துவிடும். “ஒரு ஊர்ல ஒரு நரி, அதோட கதை சரி” என்று சொல்லி முடித்துவிட்டால் அவர்களுக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும்! கதைக்கு நடுவும் முடிவும் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலே நான்கு வயதில் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சிரிப்பை நான் தப்பாகப் பயன்படுத்திய நாளையும் எழுதியாக வேண்டும்.

2018 ஆடி மாதம். பாட்டி வடை சுட்ட கதையை நான்கு வயதுப் பையன் ஒருவன் திருப்பிச் சொன்னான். அவனுக்கு ‘க’ வராது, ‘த’ என்றுதான் வரும். “தாத்தா வடையத் தூத்திட்டுப் போச்சு” என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து மேலிருந்து பார்வையிட வந்தவர்கள் முன்னால் அவனை நிற்க வைத்து, “காக்கா என்ன செஞ்சுது, சொல்லு” என்று கேட்டேன். எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தேதான் கேட்டேன். அவன் சொன்னான், வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவன் என் முகத்தைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு மையத்தில் அவன் பேசவே இல்லை. சோறு வேண்டுமானால் தட்டை நீட்டுவான். வீட்டில் நன்றாகப் பேசுகிறான் என்று அவன் அம்மா சொன்னார். ‘க’ வராதது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகிவிடும். நான் அவனுக்குச் செய்தது அப்படித் தானாகச் சரியாகவில்லை.

நவம்பர் 16 விடியலில் கஜா வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த புயல், எங்கள் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டது. மையத்தின் கூரை போய்விட்டது. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் கட்டிப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். அந்தத் தார்ப்பாய் படபடவென்று அடிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் வந்து விழுவார்கள். “ஒன்னும் இல்லம்மா, சும்மா காத்துதான்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காற்று என்ன செய்தது என்று அவர்களே பார்த்தவர்கள்.

அதனால் ஒரு கதை தொடங்கினேன். ஒரு ஊரில் ஒரு காத்து. அதற்கு ஓயாத பசி. முதலில் ஒரு குடிசையைத் தின்றது, பிறகு ஒரு வாழைத்தோட்டம், பிறகு தென்னைமரங்கள். ஒவ்வொன்றையும் தின்று முடித்து “இன்னும் பசிக்குது!” என்று கத்தும். அந்த வரியைப் பிள்ளைகள் என்னோடு சேர்ந்து கத்துவார்கள். பேசாத பையனுக்கு ஊதும் வேலை கொடுத்தேன். வாயைக் குவித்து “ஊ…” என்று ஊத வேண்டும், சொல் எதுவும் வேண்டாம். கன்னம் வீங்க ஊதினான்.

மூன்றாம் நாள், கதையை நிறுத்தி, “அத்தனையும் தின்னுட்டு அப்புறம் காத்துக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. அப்போது அவன் சொன்னான்:

“தாத்துத்து வயித்து வலி. எவ்ளோ தேந்தா தின்னிருத்து!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் உச்சரிப்பை ஒருவரும் கவனிக்கவில்லை. வயிறு வலித்துக் கிடக்கும் காற்றை நினைத்துத்தான் அந்தச் சிரிப்பு. “காத்து குசு விட்டுருச்சு!” என்றாள் இன்னொருத்தி. உதவியாளர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். தாழ்வாரத்துக்கு வெளியே, கூரை போன வீட்டிலிருந்து வந்து நின்றிருந்த ஒரு அம்மாவும் சிரித்துவிட்டார். அந்தச் சொல்லை நான் தடுக்கவில்லை. அன்றைக்குப் பிள்ளைகளின் கையில் காற்றை அடக்க இருந்தது அந்த ஒரு சொல்தான். கடைசியில் காற்றுக்கு ஓமத் தண்ணி கொடுத்துத் தூங்க வைத்தோம்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தை வரைக்கும் சில பிள்ளைகள் ராத்திரியில் அலறி எழுந்தார்கள். ஆனால் பகலில் தார்ப்பாய் அடித்தால், “அதுக்கு மறுபடி வயித்த வலிக்குது டீச்சர்” என்று யாராவது ஒருவர் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பையன் பேசினான். முதலில் காற்றைப் பற்றி மட்டும், பிறகு மற்றதும்.

அன்றிலிருந்து என்னிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. கதையில் முட்டாள் வேண்டுமென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நரியோ காற்றோ இருக்கட்டும். எந்தப் பிள்ளையும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது, பெற்றவர்களே சிரித்தாலும் கூடாது.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். எங்கள் மையம் அதில் இல்லை. ஊருக்குள் தனியார் பள்ளி வேன் வேறு வருகிறது. “கதையே சொல்லிக்கிட்டிருந்தா ஏ பி சி டி எப்ப டீச்சர்?” என்று ஒரு அப்பா கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை, மகள் பின்தங்கிவிடுவாளோ என்ற கவலை அது. பாவ்நகரில் 1920-ல் பால மந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகாவும் வகுப்பறைக்குள் கதையைத்தான் முன்னால் வைத்தார் என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு காலை மட்டும் பாயில் வந்து உட்காரச் சொன்னேன்.

அன்று, ஆற்றைக் கடந்து கரையேறிய சீடர்கள் தங்களை எண்ணிப் பார்க்கும் கதை. நான்தான் சீடன். எதிரே நிற்கும் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி, என்னை விட்டுவிட்டு, “ஐயோ, ஒருத்தர ஆறு அடிச்சிட்டுப் போயிடுச்சே!” என்று அழுதேன். “நீங்க டீச்சர்! உங்கள எண்ணல!” என்று கத்தினார்கள். நான் மறுபடி எண்ணி மறுபடி அழுதேன். பொறுக்க முடியாமல் அவருடைய மகள் எழுந்து வந்தாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒவ்வொரு தலையாகத் தொடவைத்து எண்ணிக்கொண்டே போய், கடைசியில் என் நெஞ்சில் வைத்து அழுத்தி “ஒம்பது” என்றாள். ஒரு தலைக்கு ஓர் எண், ஒன்றும் விடுபடக் கூடாது என்பதைக் கரும்பலகையில் எழுதி விளக்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். வேனில் அவளை ஏற்றவில்லை.

இந்த வருடப் பிள்ளைகள் எல்லோரும் கஜாவுக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது ஊரை அடித்த புயலே இல்லை, அளவில்லாமல் தேங்காய் தின்ற ஒரு காத்து. போன வாரம் ஒருத்தி கேட்டாள், “எத்தனை தேங்கா டீச்சர் தின்னுச்சு?” எண்ணிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். தினமும் ஆளுக்கொரு புளியங்கொட்டையைத் தேங்காய் என்று வைத்து எண்ணுகிறோம். நேற்று பதினாலு வரை வந்தோம். இன்னும் பசிக்குதாம்.