தொடவும்

நம் பள்ளிக்கூட மலரைப் புரட்டினால் பிக் மட்ச் கிரிக்கெட், விடுதிச் சாப்பாடு, பிரம்படி. இந்த மூன்றையும் எழுத ஆட்கள் தாராளம். சித்திர அறையைப் பற்றி மட்டும் யாரும் எழுதிக் காணவில்லை. பாதிப் பேர் அங்கே வந்ததே கணக்குப் பாடத்துக்கு ஒளிக்கத்தான் என்பதாலோ என்னவோ.

எங்கள் சித்திர மாஸ்டர் ஒருநாள் வாய் கட்டிய சாக்கு ஒன்றை மேசையில் வைத்தார். பக்கத்தில் கை நுழையுமளவு ஒரு ஓட்டை. “கையை விட்டுத் தடவு. கண்ணால கண்டதை இல்லை, கையில பிடிபட்டதைக் கீறு” என்றார். உள்ளே ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), சிப்பி, தேங்காய்த் தும்பு, ஒரு பிடி உமி. ஊமலைத் தடவிய நண்பன் அதன் நார் ஒன்றையும் விடாமல் கீறிவிட்டு, அது நாய்க்குட்டியின் தலை என்று கடைசிவரை சாதித்தான். மாஸ்டர் திருத்தவில்லை. வகுப்பிலேயே கூடிய புள்ளி அவனுக்குத்தான்.

அந்த வருடக் கண்காட்சியில் ஓர் அறை முழுக்கச் சாக்குகளைத் தொங்கவிட்டார். ஆய்வுகூடத்து எரிமலைக்கும் மின்மணிக்கும் முன்னால் “தொடாதீர்கள்” அட்டை. எங்கள் வாசலில் “தொடவும்”. ஈரக் கயிற்றைத் தொட்ட ஒரு அம்மா “ஐயோ பாம்பு!” என்று போட்ட சத்தத்தில் வரிசை கேற் வரை நீண்டது. மறுநாள் அறைக்குப் பூட்டு. கட்டுப்பாடு இல்லையாம்.

பிறகு லண்டன். பழைய மின்நிலையம் ஒன்றைத்தான் டேட் மொடேர்ன் கலைக்கூடமாக்கியிருக்கிறார்கள். 2006இல் அதன் டர்பைன் மண்டபத்தில் கலைஞர் கார்ஸ்டன் ஹோலர் ஐந்து சறுக்குகளை வைத்தார். மிக நீளமானது ஐந்தாம் தளத்திலிருந்து சுழன்று இறங்கும், கிட்டத்தட்ட 55 மீற்றர். அடிப்பாகம் உருக்கு, மேல்மூடி கண்ணாடிபோலத் தெளிவு. “அப்பா, நீங்களும் வாங்கோ” என்று மகள் இழுக்க, நானும் போய் இருந்தேன். முதல் வளைவிலேயே அடிவயிறு தொண்டைக்கு வந்துவிட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது கீழே நின்று பார்த்ததுதான். கோட் சூட் போட்ட மனிதர்கள் வாயைப் பிளந்து அலறிக்கொண்டு வருவார்கள், எழும்பியதும் கழுத்துப்பட்டியைச் சரிசெய்வார்கள். இந்த ஹோலர் விவசாய விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பூச்சிகள் மணத்தால் தொடர்புகொள்வதை ஆராய்ந்தவர். மாஸ்டர் அறிந்திருந்தால் சிரித்திருப்பார்.

பூட்டுப் போடுகிறவர்கள் இங்கேயும் உண்டு. 1971இல் அமெரிக்கச் சிற்பி ரொபேர்ட் மொரிஸ் பழைய டேட் கலைக்கூடத்தில் ஒட்டுப்பலகைச் சரிவுகள், உருளைகள், கயிறுகள் வைத்து, ஏறுங்கள், உருட்டுங்கள் என்று விட்டார். சனம் உற்சாகத்தில் காயப்பட, சில நாள்களிலேயே மூடிவிட்டார்கள். 2009இல் டர்பைன் மண்டபத்தில் அதையே திரும்பவும் கட்டினார்கள், இந்தமுறை பாதுகாப்பாக.

2010இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் அதே மண்டபத்தில் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். சீனாவின் ஜிங்டெசென் நகரத்தில் கையால் தீட்டியவை. முதலில் சனம் அதன்மேல் நடந்தது, படுத்தது, அள்ளி விளையாடியது. பிறகு பீங்கான் தூசு உடம்புக்குக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். நான் போனபோது கரையில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. காரணம் நியாயம்தான், சரி. ஆனால் காலடியில் நொறுநொறுக்கும் சத்தம் இல்லாமல் அது எனக்கு வெறும் சாம்பல் நிறத் தரையாகத்தான் தெரிந்தது.

இப்போது வன்கோவின் ஓவியங்களைச் சுவரெல்லாம் ஒளியாகப் பாய்ச்சிக் காசு வாங்குகிறார்களே, அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அங்கே கைக்கு இருக்கும் ஒரே வேலை போனைப் பிடிப்பது.

2022 கோடையில் டேட் மொடேர்னில் ஜப்பானியக் கலைஞர் யயோய் குசாமாவின் வெள்ளை அறை. சுவர், மேசை, நாற்காலி எல்லாம் வெள்ளை. வருகிறவர்களுக்கு வண்ணப் பொட்டு ஒட்டிகள் தருவார்கள். பிள்ளைகள் ஓடி ஓடி ஒட்டினார்கள். என் வயதுக்காரர்கள் தாளைப் பிடித்தபடி நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தோம். ஒரு சின்னப்பெண் என் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “உங்களுக்கு வேண்டாமா?” என்று கேட்டு, பதில் வருமுன் இரண்டை உரித்துக்கொண்டு போய்விட்டாள்.