தூரத்துச் சாளரம் என் திரைக்கு வந்த கதை

திரையே இல்லாமல் ஓடும் ஒரு லினக்ஸ் கணினி, அதில் உள்ள வரைபட மென்பொருளை என் மேக் மடிக்கணினியில் திறக்க வேண்டும். தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் கட்டளையில் 'மைனஸ் எக்ஸ்' (-X) சேர்த்தால் போதும் என்றார்கள். லினக்ஸ் சாளரங்களைத் திரையில் வரையும் எக்ஸ் என்ற அமைப்பின் மேக் வடிவமான எக்ஸ்குவார்ட்ஸை நிறுவிச் சேர்த்துப் பார்த்தேன். டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்று ஒரே வரியில் கதை முடிந்தது.

ஒரு நாள் முழுக்கப் போனது இங்கேதான். எக்ஸில் சர்வர் என்பது நம் முன்னால் இருக்கும் கணினி, ஏனென்றால் திரையும் விசைப்பலகையும் மவுஸும் அதனிடம்தான் இருக்கின்றன. தூரத்தில் ஓடும் மென்பொருள்தான் கிளையன்ட். 1984-ல் எம்ஐடியில் தொடங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். சர்வர் என்றாலே அந்தப் பக்கம் இருப்பது என்று பழகிய மண்டைக்கு இது ஏறவே இல்லை. நான் பாட்டுக்கு அங்கே போய் எக்ஸ் சர்வரை நிறுவினேன், எந்தத் திரையில் காட்ட வேண்டும் என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறியில் என் ஐபி முகவரியைக் கையால் எழுதினேன். முதலாவது வீண் வேலை. இரண்டாவது அதைவிட மோசம், எஸ்எஸ்ஹெச் போட்டு வைத்த பாதுகாப்பான பாதையை நானே தாண்டிப் போகிறேன்.

கடைசியில், நடப்பதை விரிவாகச் சொல்லும் 'மைனஸ் வி' போட்டுப் பார்த்தால் விஷயம் அங்கேயே எழுதியிருக்கிறது: அந்தக் கணினியில் எக்ஸ்ஆத் இல்லை. அனுமதிக்கான குக்கியை, அதாவது ரகசியச் சாவியை, எழுதி வைக்கும் குட்டி நிரல் அது. நிறுவினேன், அங்கே எஸ்எஸ்ஹெச் இணைப்புகளை ஏற்கும் எஸ்எஸ்ஹெச்டி சேவையின் அமைப்புக் கோப்பில் எக்ஸ்11 ஃபார்வர்டிங்கை 'யெஸ்' ஆக்கினேன், அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்து மறுபடி உள்ளே போனேன். டிஸ்ப்ளே தானாகவே லோக்கல்ஹோஸ்ட் 10 என்று காட்டியது. எக்ஸ்ஐஸ் என்ற குட்டி நிரலின் இரண்டு கண்கள் என் மவுஸைத் துரத்தியபோது தனியாகச் சிரித்தேன்.

அப்புறம் இருபது நிமிடம் கழித்து புதுச் சாளரம் எதுவும் திறக்கவில்லை! 'மைனஸ் எக்ஸ்' தரும் அனுமதிக்கு இயல்பாகவே அவ்வளவுதான் ஆயுள். 'மைனஸ் ஒய்' போட்டால் அந்தக் கெடு இல்லை, ஆனால் அந்தப் பக்க மென்பொருள் நம் விசை அழுத்தங்களைக்கூடப் படிக்கலாம், அதனால் நம்பும் கணினிக்கு மட்டும்.

வேகம்தான் தீரவில்லை. மெனுவைத் திறந்தாலே கட்டளைகள் பலமுறை போய் வருகின்றன, தொலைவு கூடினால் ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு. 'மைனஸ் சி' சுருக்கம் தரவைக் குறைக்குமே தவிர இந்தத் தாமதத்தைக் குறைக்காது. இப்போது எக்ஸ் சாளரங்களைத் தூரத்திலிருந்து காட்டும் எக்ஸ்ப்ரா என்ற மென்பொருளுக்கு மாறிவிட்டேன். இணைப்பு அறுந்தாலும் மென்பொருள் அங்கே ஓடிக்கொண்டே இருக்கிறது, திரும்பப் போய் ஒட்டிக்கொள்கிறேன்.