பம்புசெட் தொட்டிக்குள் ஒரு படகுத்துறை: நான்காம் மாதக் குறிப்பு

சோழவந்தானில் உள்ள எங்கள் தோட்டத்துப் பம்புசெட் தொட்டி 14 அடி நீளமும் 9 அடி அகலமும் கொண்டது. அதன் ஒரு மூலையில் இரண்டு பலகைகளைச் செங்கல் வைத்து நிறுத்தி, 32 செ.மீ. இடைவெளியுள்ள துறை ஒன்றை அமைத்திருக்கிறேன். விசைப்படகின் சாயலில், இருபதில் ஒரு பங்கு அளவில் நானே செய்த ரிமோட் படகு 22 செ.மீ. அகலமும் 72 செ.மீ. நீளமும் உடையது. பலகையில் இடிக்காமல் அதை அந்த இடைவெளிக்குள் கொண்டுபோய் நிறுத்துவதுதான் சித்திரை முதல் நான் பழகிவரும் வேலை.

முதல் மாதம் முழுவதும் இடித்துக்கொண்டே இருந்தேன். கை பழகவில்லை என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது வேகமே தவறு என்பது தெரிந்தது. உண்மையான படகு துறைக்குள் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நுழைகிறது என்று கொண்டால், இருபதில் ஒரு பங்கு மாதிரிக்கு அதை இருபதால் அல்ல, இருபதின் வர்க்கமூலத்தால், அதாவது ஏறக்குறைய 4.5 ஆல் வகுக்க வேண்டும். விநாடிக்கு 11 செ.மீ. கிடைக்கிறது, படகு தன் நீளத்தைக் கடக்க ஆறரை விநாடி ஆகும். என் மோட்டாரோ அவ்வளவு மெதுவாகச் சுற்றவே மறுத்தது. ஆகவே அரை விநாடி முடுக்கிவிட்டு, உடனே விசையை நிறுத்தி, மிதந்து போகவிடும் முறைக்கு மாறினேன்.

இந்தச் சிறு முடுக்கல்தான் படகைத் திருப்பும் சுக்கானுக்கும் உயிர் கொடுக்கிறது. விசிறி தள்ளும் நீர் சுக்கானின் மீது பாய்வதால், முழுவதும் திருப்பிய நிலையில் ஒரு நொடி முடுக்கினால் படகு அதிகம் முன்னேறாமல் திரும்புகிறது. ரிவர்ஸில் அந்த நீரோட்டம் சுக்கானுக்கு எதிர்ப்பக்கம் போய்விடுவதால், மெதுவான வேகத்தில் சுக்கான் இருந்தும் இல்லாததுபோல்தான்.

அப்போது வேறொன்று வேலை செய்கிறது. பின்னாலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றும் விசிறி, ரிவர்ஸில் இடஞ்சுழியாகச் சுற்றிப் படகின் பின்புறத்தை இடப்பக்கம் இழுக்கிறது. படகு கோணலாகச் செய்யப்பட்டுவிட்டதோ என்று இரண்டு வாரம் விசிறியின் தண்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். குறை படகில் இல்லை, எல்லா ஒற்றை விசிறிப் படகுகளுக்கும் உள்ள குணம் அது. இப்போது அதையே பயன்படுத்துகிறேன். துறை இடப்பக்கம் இருக்கும்படி சுமார் 15 டிகிரி சாய்வில் அணுகி, முகப்பு பலகையை நெருங்கும்போது ரிவர்ஸ் கொடுத்தால், வேகம் குறைவதோடு பின்புறமும் தானாகப் பலகையை நோக்கி வந்து சேர்கிறது. வலப்பக்கம் அணைக்க முயன்றால் அதே ரிவர்ஸ் படகை விலக்கிவிடுகிறது. தொட்டியின் நடுவில் நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டுமானால், சுக்கானை வலப்பக்கமே வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் மாறி மாறி முடுக்குகிறேன்.

மும்முனை மின்சாரம் வந்தவுடன் சித்தப்பா மோட்டாரைப் போட்டுவிடுவார். குழாயிலிருந்து விழும் நீர் தொட்டிக்குள் ஓர் ஓட்டத்தை உண்டாக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. ஓட்டத்தை எதிர்த்து அணுகினால், துறையை நோக்கி நகரும் வேகம் குறைவாக இருந்தும் சுக்கானுக்குப் போதுமான நீர் கிடைக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. ஓட்டத்தோடு போனால் நிறுத்தவே முடியாது.

காற்றுதான் இன்னும் வசப்படவில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் ஆடிக் காற்று, இலேசான முகப்பைத் தள்ளிவிடுகிறது. அதற்காகக் கயிறு ஒன்றைப் பழகுகிறேன்: படகின் நடுவிலுள்ள கொக்கியிலிருந்து தூண்டில் நரம்பைப் பின்னோக்கிப் பலகையில் கட்டி, சுக்கானைத் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, மெதுவாக முன்னோக்கி முடுக்கினால், படகு காற்றை மீறிப் பலகையோடு ஒட்டி நிற்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைத் தெப்பத்தைக் கரையிலிருந்து வடம் பிடித்து இழுப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவனுக்கு, கயிற்றின் பயன் இத்தனை தாமதமாகத் தோன்றியிருக்கக் கூடாது.

முன்னோக்கி நுழைவதில் நேற்று இருபது முயற்சிக்குப் பதினாறு சரியாக வந்தன. பின்னோக்கி நுழைவதில் மூன்று மட்டுமே. நான்காவது வருவதற்குள், "போதும்டா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று சித்தப்பா பலகைகளை எடுத்துவிட்டார்.