வேர் அழுகலும் வரவுசெலவும்

தாவரவியல் பட்டப்படிப்போடு தொழில்முனைவைத் துணைப் பாடமாக எடுத்திருக்கிறேன் என்று சொன்னபோதெல்லாம், "கடை வைக்கப் போகிறாயா?" என்றுதான் கேட்டார்கள். அப்படி ஓர் எண்ணமே எனக்கில்லை. ஆய்வகத்தில் உருவாகும் ஒன்று எப்படி வெளியே ஒருவர் கைக்குப் போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல், அவ்வளவே.

சேர்வது எளிது; ஒரு படிவம், இரண்டு கையெழுத்து. கால அட்டவணைதான் உயிரை எடுத்தது. எங்கள் செய்முறை வகுப்புகள் பிற்பகல் முழுவதையும் விழுங்கிவிடும். துணைப் பாட வகுப்புகளும் பிற்பகலில்தான். மொத்தம் ஆறு பாடங்கள். அடிப்படைக் கணக்கியலை முடிக்காமல் அடுத்ததற்குள் நுழைய முடியாது. அதுவோ ஆண்டுக்கு ஒரு செமஸ்டரில் மட்டுமே நடக்கும். முதல் ஆண்டில் அதைத் தவறவிட்டேன். பின்னால் வரவேண்டிய அனைத்தும் ஓராண்டு தள்ளிப்போயின. சேர நினைப்பவர்கள் பாடங்களின் பெயரில் மயங்குவதற்கு முன், எது எந்த செமஸ்டரில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

நான் உண்மையில் கற்றது செயல்திட்டப் பாடத்தில்தான். தொட்டிச் செடியின் மண் ஈரத்தைக் காட்டும் சிறு கருவி, இதுதான் எங்கள் குழுவின் யோசனை. யாருக்கு எதை விற்கிறோம், செலவென்ன, வரவென்ன என்று ஒரு தொழிலை ஒரே தாளில் காட்ட, வணிக வல்லுநர் அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர் வகுத்த ஒன்பது கட்டப் படத்தை ஒரே மாலையில் நிரப்பிவிட்டோம். அத்தனையும் ஊகம் என்பது அப்போது உறைக்கவில்லை. பிறகு 23 பேரிடம் "இப்படி ஒரு கருவி வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டோம். 20 பேர் ஆம் என்றார்கள். துள்ளிக் குதித்தோம்.

ஆசிரியர் அந்தத் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டார். "வாங்கமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், நடந்ததைக் கேளுங்கள் என்றார். மறுபடியும் அதே ஆட்களிடம் போய், "கடைசியாக உங்கள் செடி வாடியபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம். பெரும்பாலோர், தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கினோம் என்றார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் அங்கேயே காணாமல் போனார்கள்.

இந்த இடத்தில்தான் என் முதன்மைப் பாடம் கைகொடுத்தது. செடி வாடினால் தண்ணீர் போதவில்லை என்றே குழுவில் மற்றவர்கள் நினைத்தார்கள். அதிகம் ஊற்றினாலும் வாடும்: மண்ணின் காற்றிடைவெளிகள் நீரால் நிரம்பி, வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் அழுகும். வாடியதைப் பார்த்து மேலும் ஊற்றினால் கதை முடிந்தது. ஆகவே 'ஊற்றாதே' என்று சொல்லும் கருவியாக அதை மாற்றினோம். வீடுகளை விட்டுவிட்டு, அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான தொட்டிகளைப் பராமரிப்பவர்களைத் தேடிப் போனோம். அவர்களுக்குச் செத்த செடி ஒவ்வொன்றும் நட்டக் கணக்கு. பேச்சே வேறு மாதிரி இருந்தது.

கணக்கில் நான் அடித்த கூத்தையும் சொல்லவேண்டும். மாதத்துக்கு 12,000 நிலையான செலவு, விற்பனை விலை 200. வகுத்துப் பார்த்து, 60 விற்றால் போதும் என்று வகுப்பின் முன் அறிவித்தேன். ஒரு கருவியைச் செய்ய ஆகும் 120-ஐக் கழிக்க மறந்துவிட்டேன்! மிஞ்சுவது 80, கையைக் கடிக்காமலிருக்க 150 விற்கவேண்டும். பின்வரிசை வணிகவியல் மாணவர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

கடைசி செமஸ்டரில் இன்னொரு இடி. புள்ளியியல் பாடத்தின் கிரெடிட்டை முதன்மைப் பாடம், துணைப் பாடம் என இரண்டு பக்கமும் சேர்த்திருந்தேன். ஒரு பாடத்தை ஒரு பக்கம்தான் எண்ண முடியும் என்ற விதி கையேட்டில் இருந்ததாம். விடுமுறையில் தங்கி இன்னொரு பாடம் படித்து முடித்தேன். சந்தைப்படுத்தல் அது. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.