மெயின்ஸுக்குப் பாராமகால் வரலாறு: எதை முதலில் படிக்கலாம்?

சேலத்தில் இருந்துகொண்டு குரூப் 1, குரூப் 2 மெயின்ஸுக்குப் படிக்கிறவர்களிடம் ஒரு விஷயத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஹைதர் அலி, திப்புவோடு ஆங்கிலேயர் நடத்திய நான்கு மைசூர்ப் போர்களையும் ஆண்டோடு சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் படைகள் நம் கிருஷ்ணகிரியையும் ராயக்கோட்டையையும் சுற்றி வளைத்து நின்றது அவர்கள் நோட்டில் இருக்காது. இந்தத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பழைய பெயர்தான் பாராமகால். மெயின்ஸில் நல்ல மதிப்பெண் வாங்கித் தரும் பகுதி இது. நேர்முகத் தேர்வில் என்னிடம் சொந்த மாவட்டத்தைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள். அதனால் நான் படித்த விதத்தை எழுதுகிறேன்.

முதலில் புத்தகத்தைத் தொட வேண்டாம், வரைபடத்தை விரியுங்கள். சேலத்திலிருந்து பெங்களூர் பஸ்ஸில் போனால் தொப்பூர் கணவாயில் வண்டி ஏறத் தொடங்கும். அந்த ஏற்றம்தான் இந்த மண்ணின் வரலாறு. பழைய சேலம் மாவட்டம் மூன்று அடுக்கு. கணவாய்க்குக் கீழே சேலம், ஆத்தூர், நாமக்கல், சங்ககிரி எல்லாம் தாலகாட். நடுவில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாராமகால். மேலே ஓசூர் பாலகாட். மைசூரிலிருந்து கீழே இறங்க வேண்டுமானாலும், கீழேயிருந்து மைசூருக்கு ஏற வேண்டுமானாலும் நடு அடுக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும். இத்தனை மலைக்கோட்டைகள் இங்கே ஏன் என்ற கேள்விக்கு இதுதான் பதில். 1791இல் ராயக்கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனதும், அதே ஆண்டு கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பிடிக்க முடியாமல் அவர்கள் திரும்பியதும் வரைபடத்தில் ஒரு முறை பார்த்தால் போதும், மறக்காது.

அப்புறம் 1792. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு விட்டுக்கொடுத்த பகுதிகளில் மலபார், குடகு, திண்டுக்கல்லோடு பாராமகாலும் ஒன்று. இதை நிர்வகிக்க கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அனுப்பியது சிவில் அதிகாரிகளை அல்ல, அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை. அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. உள்ளூர் மொழி தெரிந்தவர்கள் வேண்டும் என்பது இந்தத் தேர்வுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். விவசாயியிடமே அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை 1792ஆ, 1820ஆ? பிரிலிம்ஸ் கேள்வியில் பெரும்பாலும் மன்றோ, 1820 என்று வரும், அதையே குறியுங்கள். மெயின்ஸில் முழுக்கதையையும் எழுதுங்கள். ரீட் பாராமகாலில் நிலத்தை அளந்து, சாகுபடி செய்கிறவரோடு நேரடியாக வரி பேசத் தொடங்கினார். மன்றோ இங்கே கற்றதை 1800க்குப் பிறகு ராயலசீமைப் பக்கம் கொண்டுபோனார். அதே நேரத்தில் இங்கே சேலத்தில் முறையையே மாற்றி, நிலத்தை மிட்டாக்கள் என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். வரி கட்ட முடியாமல் மிட்டாதார்கள் பலர் நொடித்துப்போனார்கள். மன்றோ 1820இல் சென்னை மாகாண ஆளுநரான பிறகுதான் ரயத்துவாரி மாகாணத்தின் பொதுக் கொள்கையானது. ரயத்துவாரி பிறந்த மாவட்டத்திலேயே அது கைவிடப்பட்டுத் திரும்ப வந்தது என்ற இந்த ஒரு செய்தி, உங்கள் விடையைத் தனியாகக் காட்டும். பாட்டி தாத்தா வாயில் ‘மிட்டாதார் வீடு’ என்று கேட்டிருப்பீர்களே, அது இதன் மிச்சம்தான்.

சரி, எந்தப் புத்தகம்? ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வந்த சேலம் கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்புதான் என் முதல் பரிந்துரை. முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். இரண்டாம் பகுதியில் தாலுகா வாரியாக ஊர்கள் வரும், உங்கள் தாலுகாவை எடுத்துப் படியுங்கள். தெரிந்த ஊர், தெரிந்த ஏரி, தெரிந்த கோயில் வரும்போது பழைய ஆங்கிலம் அவ்வளவாகப் பயமுறுத்தாது. ஏற்காடு காபித் தோட்டங்களின் தொடக்கம், கலெக்டர் காக்பர்னின் பங்கு எல்லாம் போகிற போக்கில் கிடைத்துவிடும். அதன் பிறகு லெ ஃபானுவின் 1883 மாவட்டக் கையேடு. இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாராமகால் ஆவணங்கள் என்று அச்சான தொகுதிகள் ஆய்வு மாணவர்களுக்குத் தங்கச் சுரங்கம். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதில் இறங்கினால் மாதங்கள் ஓடிவிடும், விட்டுவிடுங்கள்.

இந்த நூல்களை எழுதியவர்கள் ஆட்சி செய்த அதிகாரிகள். மழை, பாசனம், வரி பற்றி அவர்கள் தருவதை எடுத்துக்கொள்ளுங்கள். சாதிகளைப் பற்றியும் மக்களின் குணம் பற்றியும் சொல்லும் தீர்ப்புகளை விடைத்தாளுக்குக் கொண்டுவராதீர்கள். 1882இல் சேலத்தில் நடந்த இந்து முஸ்லிம் கலவரத்துக்கு அதிகாரிகளின் ஏட்டை மட்டும் நம்பக் கூடாது. அந்த வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையான விஜயராகவாச்சாரியார்தான் 1920 நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். அவருடைய பக்கத்தையும் தேடிப் படியுங்கள்.

பழங்காலத்துக்குக் கெசட்டியர் போதவே போதாது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமானுக்குப் புறநானூறு, அவனை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறைக்குப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் முழுதாகக் கிடைக்கவில்லை, சில பாடல்களே மிஞ்சின. ஒரு நாள் தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். ஆநிரையை மீட்கப் போய் இறந்த வீரனின் பெயரை வட்டெழுத்தில் வெட்டியிருப்பார்கள். அந்தக் காலத்து எல்லைச் சண்டைக்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். 2025இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதைவிடப் பழமையான காலத்தைக் காட்டி அதையும் தாண்டிவிட்டது. எனவே தொல்லியல் துறையின் புதிய அறிக்கைகளைத் தேர்வு நெருங்கும்போது ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்பெடுக்கும்போது அரசர் வாரியாக எடுக்காமல் கோட்டை வாரியாக எடுங்கள். சங்ககிரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் மைசூர் ஆட்சி, கம்பெனிப் படை, 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டது எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் வந்துவிடும். கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, ஆத்தூர், நாமக்கல்லுக்கும் இப்படியே போடுங்கள்.