அம்மாவின் பொட்டாசியம்: 2.9-இலிருந்து 6.3 வரை

கடந்த சித்திரையில் அம்மாவுக்குப் பொட்டாசியம் 2.9. ஆவணி பிறப்பதற்குள் 6.3. ரத்தத்தில் 3.5-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கவேண்டிய எண் இது. கீழே இறங்கினாலும் மேலே ஏறினாலும் அடி விழுவது இதயத்தில்தான். முதல் முறை இறங்கியதற்கு ஒரு மாத்திரை காரணம். அடுத்து ஏறியதற்கு, கொடுத்த மருந்தை எப்போது நிறுத்தவேண்டும் என்று யாரும் சொல்லாதது காரணம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அம்மாவுக்கு 68 வயது. அப்பா போன பிறகு மணப்பாறையில் தனியாக இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்குக் குளோர்தாலிடோன் மாத்திரை. உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் அந்த மாத்திரை கூடவே பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, மலச்சிக்கல், மாடிப்படி ஏறினால் கால் துவள்வது எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டார். நெஞ்சு படபடக்கிறது என்று போனில் சொன்னபோதுதான் திருச்சிக்கு அழைத்துவந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். இரண்டு நாள் டிரிப்ஸ். மெக்னீசியமும் குறைந்திருந்தது. அது குறைந்திருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் உடம்பில் தங்காது என்று சொல்லி அதையும் ஏற்றினார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் தொடங்கியது தொல்லை. சீட்டில் ‘பொட்டாசியம் குளோரைடு சிரப், 15 மி.லி., இரண்டு வேளை’ என்று மட்டும் இருந்தது. எத்தனை நாளைக்கு என்று இல்லை. எப்படிக் குடிப்பது என்றும் இல்லை. இருமல் மருந்து குடிப்பதுபோல மூடியில் ஊற்றி அப்படியே விழுங்கிய அம்மா, அரை மணி நேரத்தில் வயிறு எரிகிறது என்று வாந்தி எடுத்தார். மருத்துவமனைக்கு மூன்று முறை போன் செய்தேன். வரவேற்பில் இருந்தவர் வார்டுக்கு இணைத்தார், வார்டில் மருந்தகத்துக்கு இணைத்தார்கள், அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்து துண்டானது. கடைசியில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் பாட்டிலைத் திருப்பி, லேபிளின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல இருந்த எழுத்தைக் காட்டினார். “இதை வெறுமனே கொடுக்கலாமா அம்மா? ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம்.” சிரப்புக்குப் பதிலாக மெதுவாகக் கரையும் மாத்திரை தந்திருந்தால் அதைப் பொடிக்கவோ கடிக்கவோ கூடாது, விழுங்கியதும் படுக்கவும் கூடாது என்று கேட்காமலே சொன்னார். காசு வாங்காமல் அவர் செலவிட்ட அந்த இரண்டு நிமிடம், ஆயிரக்கணக்கில் கட்டிய இடத்தில் கிடைக்கவில்லை.

பிறகு சாப்பாட்டுப் பக்கம் திரும்பினேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3500 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் வேண்டும். எல்லாரும் வாழைப்பழம், வாழைப்பழம் என்றார்கள். ஒரு நடுத்தரப் பழத்தில் சுமார் 400 தான். அதை மட்டும் நம்பினால் எட்டுப் பழத்துக்கு மேல் தின்னவேண்டும். உண்மையான பள்ளம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு ஆளுக்கு எதற்குச் சமையல் என்று அம்மா ரசம் சாதமும் அப்பளமுமாக மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். வெள்ளைச் சோற்றில் பொட்டாசியம் மிகக் குறைவு. கீரை வாங்கினாலும் நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுகிறார். பொட்டாசியம் நீரில் கரைவது, பாதி அதோடு போய்விடும். பருப்பு, பாசிப்பயறு, தண்ணீர் வடிக்காத முளைக்கீரைக் கூட்டு, தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, மதியம் மோர் என்று மாற்றினோம். கால் இழுப்பு நின்றது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது 3.8. அந்த ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்த மருத்துவர் “நன்றாக இருக்கிறது, தொடருங்கள்” என்றார். எதைத் தொடர்வது என்று அன்று நான் கேட்டிருக்கவேண்டும்.

அம்மா எல்லாவற்றையும் தொடர்ந்தார். பழைய சீட்டைக் காட்டி வாரம் ஒரு பாட்டில் சிரப். 15 மி.லி.யில் ஏறக்குறைய 780 மில்லிகிராம். இரண்டு வேளைக்குக் கணக்குப் போட்டால் நான்கு வாழைப்பழம், அதுவும் சாப்பாட்டுக்கு மேல். ஆனி மாதக் கடைசியில் உள்ளூர் மருத்துவர் ஒருவர், பொட்டாசியத்தை இறக்கும் மாத்திரை இனி வேண்டாம் என்று அதை நிறுத்திவிட்டு டெல்மிசார்ட்டன் என்ற வேறொரு ரத்த அழுத்த மாத்திரை எழுதினார். நியாயமான மாற்றம்தான். ஆனால் டெல்மிசார்ட்டன் பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் வகை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். அம்மா சிரப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் பிறகு கேட்டபோது, “அது மாத்திரை இல்லையே, சத்து டானிக்தானே?” என்றார்.

இதற்கு மேல் கோவையிலிருந்து அண்ணன் கொண்டுவந்த உப்பு. சாதாரண உப்புக்குப் பதில், சோடியம் குறைந்த, பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் பரிந்துரைத்ததை அவர் செய்தியில் படித்திருந்தார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியம் சரியாக வெளியேறாத நிலையில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தாது என்று அதே பரிந்துரையில் இருக்கிறது. அந்தப் பகுதி அண்ணன் கண்ணில் படவில்லை. பாசத்தில்தான் வாங்கிவந்தார், அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆடிக் கடைசியில் கால் கனக்கிறது என்றார் அம்மா. பழையபடி குறைந்துவிட்டதோ என்று பயந்து, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேபுக்குச் சொன்னேன். வந்த பையன் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, நரம்பு கிடைக்காமல், “மூடுங்கள் பாட்டி, திறங்கள், மூடுங்கள்” என்று கையைப் பத்துப் பதினைந்து தடவை பிசையவைத்தான். எடுத்த குழாயைப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் மூன்று வீட்டுக்குப் போனான். இரவு ஒன்பது மணிக்கு ரிப்போர்ட்: 6.3. அடியில் பொடி எழுத்தில், மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று ஒரு குறிப்பு. செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டினால் எண் பொய்யாக ஏறும். பட்டையை இறுக்குவதும் கையைப் பிசைவதும்கூட ஏற்றிக் காட்டும். ஆனால் எவ்வளவு பொய், எவ்வளவு மெய் என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. 6-க்கு மேல் என்றால் ஈ.சி.ஜி. எடுத்தே ஆகவேண்டும். வாடகைக் காரில் திருச்சிக்குக் கிளம்பினோம்.

கவுண்டரில் இருந்தவர் கையில் ரிப்போர்ட் இருக்கும்போது மறுபடி எதற்கு ரத்தம் என்றார். பழைய நோயாளி எண் இல்லாமல் பில் போட முடியாது என்றார். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இருபது நிமிடம் அவரோடு வாதாடினேன். இந்த நிலைமை வந்தால் கவுண்டரில் நிற்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குள் போய், “பொட்டாசியம் 6.3, ஈ.சி.ஜி. எடுங்கள்” என்று எண்ணைச் சொல்லுங்கள். நான் கடைசியில் அப்படித்தான் செய்தேன். ஐந்து நிமிடத்தில் ஈ.சி.ஜி. கையில் வந்தது. மாறுதல் இல்லை. பட்டையை லேசாகக் கட்டி, கையைப் பிசையச் சொல்லாமல் எடுத்த ரத்தத்தில் 5.7. பாதிதான் பொய்.

பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர், “வீட்டிலிருந்து என்னவெல்லாம் கொண்டுவந்தீர்களோ எல்லாவற்றையும் இந்த மேஜையில் கொட்டுங்கள்” என்றார். பதற்றத்தில் அலமாரியை அப்படியே வழித்துத் துணிப்பையில் போட்டு வந்திருந்தேன். டெல்மிசார்ட்டன் அட்டை, கால்வாசி மீதமிருந்த சிரப், சமையலறை மேடையிலிருந்து தவறிச் சேர்ந்துவந்த உப்புப் பாக்கெட், முட்டிவலிக்கு அம்மா தானாக வாங்கிய டைக்ளோஃபினாக். ஒவ்வொன்றாகத் தொட்டு, “இது ஏற்றும், இது ஏற்றும், இதுவும் ஏற்றும்” என்று நான்கையும் ஒரே ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு கிரியாட்டினினைப் பார்த்தார், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த எண் அது. 1.2. ரிப்போர்ட்டில் பெரிதாகத் தெரியாத எண். அம்மாவின் வயதுக்குக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 50-க்குச் சற்றுக் கீழே, அதாவது குறைவு என்று எழுதிக் காட்டினார். நான்கு மாதத்தில் எங்களிடம் இதை யாரும் சொன்னதில்லை.

சிரப், உப்பு, வலி மாத்திரை மூன்றும் அன்றிரவே நின்றன. டெல்மிசார்ட்டன் தொடர்ந்தது. மூன்று நாளில் 4.9, இரண்டு வாரத்தில் 4.5. உணவில் பருப்பும் கீரையும் அளவாக இருக்கின்றன. பார்க்க வருபவர்கள் ஆளுக்கு இரண்டாகக் கொண்டுவந்து வைக்கும் இளநீரை மட்டும் அம்மா தொடுவதில்லை. 100 மி.லி.யில் சுமார் 250 மில்லிகிராம் இருக்கிறது அதில்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது பொட்டாசியம் சிரப் ஓடிக்கொண்டிருந்தால், எந்தத் தேதியில் நிறுத்துவது, அதற்கு முன் எந்தத் தேதியில் ரத்தம் பார்ப்பது என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ரத்த அழுத்த மாத்திரை மாறினால் ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கவேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். யார் சொல்லியும் நீங்களாகச் சிரப் வாங்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

போன மாதம் பல் பிடுங்கப் போனோம். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே அம்மா தன் கைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். “எனக்குப் பொட்டாசியம் இறங்கியும் இருக்கிறது, ஏறியும் இருக்கிறது டாக்டர். வலிக்கு எழுதுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.” அவர் பார்த்தார். பாரசிட்டமால் எழுதிக்கொடுத்தார்.